ஒரு நாள் பினாங்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், கோலாலம்பூர் வரை செல்பவர்கள் ஒரு நாளை மலேசியாவின் பினாங்குத் தீவுக்கும் ஒதுக்கலாம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மகன் கோலாலம்பூரில் பணியாற்றுகிறான். அறுபதைக் கடந்த நானும் என் கணவரும் அவனிடம் செல்லும்போது பினாங்குக்கும் போய்வர விரும்புகிறோம். கொடிமலை, கெக் லோக் சி கோவில், பழைய நகரம், கடைவீதி, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?
— வாசகி, திருச்சி

பதில்: பார்த்துவிட முடியும், ஆனால் பாதி நாள் வண்டியிலும் வரிசையிலும் போய்விடும். என் முதல் பயணத்தில் நானும் அந்தத் தவற்றைச் செய்தேன். 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலைக்கு ஏறும் கயிற்றிழுவை ரயில் பத்து நிமிடத்தில் உச்சிக்குக் கொண்டுபோய்விடுகிறது என்பது உண்மைதான். அந்தப் பத்து நிமிடத்துக்காகக் கீழே நின்ற நேரத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மேலே சென்றபோது மேகம் மூடிக்கொண்டதால் நகரமும் தெரியவில்லை. மலை வேண்டும், ஆயர் ஈத்தாமில் அதன் அருகிலேயே உள்ள கெக் லோக் சியும் வேண்டும் என்றால், அதற்குத் தனியாக இன்னொரு நாள் வையுங்கள். ஒரே நாள்தான் உண்டு என்றால், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியை விட்டு வெளியே வராதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. 2008-ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பகுதியில், பார்க்க வேண்டியவை, உண்ண வேண்டியவை, வாங்க வேண்டியவை மூன்றும் நடக்கும் தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன.

கோலாலம்பூரிலிருந்து மின்சார ரயிலில் தீவின் எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் வரை ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். அங்கிருந்து பாலத்தின் வழியாகவும் தீவுக்குள் செல்லலாம். ஆனால் படகுத்துறை ரயில் நிலையத்தை ஒட்டியே இருப்பதால் படகில் செல்வதே எளிது, அழகும் கூட. கால் மணி நேரத்துக்குள் பழைய நகரின் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். முந்தைய நாள் மாலையே சென்று தங்கிவிடுங்கள். காலையில் கிளம்பி இரவில் திரும்புவதென்றால் எட்டு மணி நேரம் ரயிலிலேயே கழியும்.

கேள்வி: பழைய நகரத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? வரைபடத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: கப்பித்தான் கிளிங் தெரு என்ற ஒரே தெருவைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னர் பிட் தெரு எனப்பட்ட இதன் வட முனைக்கருகே 1818-இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் ஆலயம் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய அந்த வெள்ளைத் தூண்களை எழுப்பியவர்கள் கைதிகள். தெருவில் சற்றுத் தெற்கே நடந்தால் ஊதுவத்திப் புகை சூழ்ந்த, சீனர்களின் குவான் யின் கோவில். அடுத்து, இடப்புறமாகக் குவீன் தெருவுக்குத் திரும்பினால் 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோவில். மறுபடியும் பெரிய தெருவுக்கு வந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இவை நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அங்குள்ள பயண வழிகாட்டிகள் இதை நல்லிணக்கத் தெரு என்பார்கள். அந்தப் பெயர் பின்னாளில் சூட்டப்பட்டது. இடங்கள் அதற்கு வெகு முன்பிருந்தே அப்படித்தான் இருந்தன.

புனித ஜார்ஜ் ஆலயத்தை ஒட்டிப் பர்குவார் தெருவில் உள்ள மாநில அருங்காட்சியகக் கட்டடத்தின் முன்னால் தமிழர்கள் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். அது முன்பு பினாங்கு ஃப்ரீ பள்ளியின் கட்டடமாக இருந்தது. 1816-இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய அந்தப் பள்ளியில்தான் மலேசியாவின் முதல் தமிழ் வகுப்பு நடந்தது என்பார்கள். 2016-இல் அந்நாட்டுத் தமிழர்கள் தமிழ்க் கல்வியின் 200 ஆண்டுகளைக் கொண்டாடியது அந்தக் கணக்கில்தான்.

பள்ளிவாசலைத் தாண்டியதும் பீரங்கித் தெருவின் சந்துக்குள் ஒளிந்திருப்பது கூ கொங்சி என்ற சீனக் குலத்தாரின் மண்டபம். கூரை முழுவதும் நாகங்களும் பூக்களும் மனித உருவங்களும் நெருக்கியடித்து நிற்கும். முதலில் கட்டிய மண்டபம் 1901-இல் எரிந்துபோனது. சக்கரவர்த்தியின் அரண்மனைக்கு நிகராகக் கட்டியதால் தெய்வங்கள் சினந்தன என்று பேச்சு எழ, 1906-இல் முடித்த இப்போதைய மண்டபத்தை அளவில் சுருக்கிக் கட்டினார்களாம். சுருக்கியதே இப்படி என்றால் முந்தையது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் அங்கிருந்து யாரும் வெளியே வருவதில்லை. அதற்கடுத்த ஆர்மீனியன் தெருவில், லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-இல் வரைந்த, மிதிவண்டியில் போகும் இரு குழந்தைகளின் சுவரோவியம் இருக்கிறது. உண்மையான மிதிவண்டியைச் சுவரில் பதித்து, குழந்தைகளை மட்டும் வரைந்திருப்பார். அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கும். நிற்பதும் கடப்பதும் உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

கார்ன்வாலிஸ் கோட்டையை விட்டுவிட்டீர்களே என்று கேட்பீர்கள். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடம் என்பதற்காக வெளியிலிருந்து பார்க்கலாம். போர் எதையும் காணாத கோட்டை அது. வேலூர்க் கோட்டையைக் கண்ட கண்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

கேள்வி: என் பாட்டனார் 'ரஜூலா' கப்பலில் பினாங்கு சென்று வந்தவர். அங்கே நாகூர் தர்கா ஒன்று இருப்பதாக அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போதும் இருக்கிறதா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இருக்கிறது. சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில், நாகூர் ஆண்டவர் ஷாஹுல் ஹமீது அவர்களின் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சிறிய தர்கா அது. நாகூரின் ஐந்து மினாராக்களைப் பார்த்து வளர்ந்த நீங்கள் அளவில் ஏமாந்துபோகலாம். ஆனால் கடல் கடந்து வந்தவர்கள் ஊரின் நினைவை எவ்வளவு கவனமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை அங்கே நின்றால் உணரலாம். தெருவின் பெயரும் நம்முடையதே. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களையும் மாலுமிகளையும் அந்தக் காலத்தில் சூலியர் என்றே குறித்தார்கள். கப்பித்தான் கிளிங் எனப்பட்ட காதிர் முகைதீன் அவர்களுள் ஒருவர். அவருடைய பெயரால் வழங்கும் பள்ளிவாசலுக்கு 1801-ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்கிறார்கள். தென்னிந்தியரைக் குறித்த கிளிங் என்ற சொல்லை இன்று மலேசியத் தமிழர்கள் இழிசொல்லாகக் கருதுகிறார்கள். ஆகவே தெருப் பெயராக அன்றி வேறெங்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

உங்கள் பாட்டனார் ஏறிய ரஜூலா 1973 வரை அந்தத் தடத்தில் ஓடியது. அதன்பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கப்பல் பயணமே முடிந்துபோனது.

கேள்வி: பினாங்கு சென்றால் கட்டாயம் உண்ண வேண்டியது நாசி கண்டார் என்கிறார்கள். சோறும் குழம்பும்தானே? அதில் அப்படி என்ன சிறப்பு?
— வாசகர், மதுரை

பதில்: சோறும் குழம்பும்தான்; அதிலும் நம்மவர் குழம்புதான். மலாய் மொழியில் நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் தடியை வைத்துச் சுமப்பது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் காவடிபோல் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதிலிருந்து வந்த பெயர் அது. சிறப்பு எதிலென்றால், கலப்பதில் இருக்கிறது. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, மாட்டுக்கறிக் குழம்பு, பருப்புக் குழம்பு என்று நான்கைந்து பாத்திரங்களிலிருந்து ஒவ்வொரு கரண்டி எடுத்து ஒரே சோற்றின் மேல் ஊற்றுவார்கள். 'குவா பஞ்சிர்' என்று சொன்னால், குழம்பு வெள்ளமாகச் சோறு மூழ்கும் அளவுக்கு ஊற்றுவார்கள்; அப்படித்தான் கேட்க வேண்டும். மதுரையில் ஒவ்வொரு குழம்பையும் தனித்தனியாகப் பிசைந்து உண்ணும் நமக்கு முதல் கவளத்தில் இது என்ன குழப்பம் என்று தோன்றும். மூன்றாவது கவளத்தில் தோன்றாது. வெண்டைக்காயைக் கூட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய இறால், கணவாய், மீன் சினை ஆகியவற்றைக் கைகாட்டுவதற்கு முன்பு விலையைக் கேட்டுவிடுங்கள். தட்டின் விலையை இருமடங்காக்குபவை அவைதான்.

ஆனால் ஒரே நாளில் நாசி கண்டாரோடு நிறுத்திவிட்டால் பினாங்கின் பாதியைத்தான் உண்டிருப்பீர்கள். காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் போதும். நம் பரோட்டாவின் மெல்லிய தம்பியும் நம் ஆற்றிய தேநீரின் அண்ணனுமான இவையிரண்டும் இடம்பெறும் மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை 2024-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நண்பகலில் நாசி கண்டார். மாலை நான்கு மணிக்கு ஆசாம் லக்சா: கானாங்கெளுத்தி மீனைக் கரைத்துப் புளிப்பாகக் காய்ச்சிய சாற்றில் தடித்த அரிசி நூடுல்ஸைப் போட்டு, புதினா, அன்னாசி, இஞ்சிப்பூ ஆகியவற்றைத் தூவி, கரிய இறால் விழுதை ஒரு கரண்டி கலந்து தருவார்கள். மீன்குழம்பு பிடிக்கும் தமிழருக்கு இது பிடிக்காமல் போக வழியே இல்லை. இரவில் சார் குவே தியாவ். பட்டையான அரிசி நூடுல்ஸை இறால், கெராங் என்னும் சிறு சிப்பி, முட்டை, முளைப்பயறு ஆகியவற்றோடு கொழுந்துவிட்டு எரியும் தீயில் ஓரிரு நிமிடங்களில் வதக்கி எடுப்பார்கள். ஒரு தட்டுக்கு மேல் சேர்த்துச் செய்யாமல் ஒவ்வொன்றாகச் செய்பவரிடம் காத்திருந்து வாங்குங்கள். காத்திருப்பின் பலன் அந்தக் கருகல் மணத்தில் தெரியும். இத்தகைய பாரம்பரிய உணவுகளை வீதிக்கடைகளில் சமைக்கும் முதன்மைச் சமையற்காரர்கள் உள்நாட்டவராகவே இருக்க வேண்டும் என்று 2016 முதல் பினாங்கு மாநிலம் விதி வைத்திருக்கிறது; சுவையைக் காக்கச் சட்டம் போட்ட ஊர் அது.

கேள்வி: உணவங்காடிகளில் எப்படிக் கேட்டு வாங்குவது? யாரிடம் பணம் தருவது?
— வாசகர், கோவை

பதில்: முதலில் மேசையைப் பிடியுங்கள், அதன் எண்ணை நினைவில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு கடையாகச் சென்று வேண்டியதையும் மேசை எண்ணையும் சொல்லிவிட்டு வந்து அமருங்கள். உணவைக் கொண்டுவந்து வைப்பவரிடமே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். காப்பிக்கடை ஒன்றுக்குள் பல கடைகள் இருந்தால், இடத்துக்கு உரியவரிடம் ஒரு பானமாவது வாங்குவது மரியாதை. வாங்காதவர்களிடம் சில்லறைக் கட்டணம் கேட்கும் பலகைகளும் உண்டு. சிறு நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள். வீதிக்கடைகளில் ஒரு தட்டுக்குப் பெரும்பாலும் 6 முதல் 10 ரிங்கிட் வரை ஆகும். ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றும் சொல்வார்கள். ஒரு வெள்ளி நமக்கு 20 ரூபாய்க்குச் சற்று மேல்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மேற்படி ஊரில் எங்களுக்குப் பட்டினிதானா?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: பட்டினி இல்லை, எச்சரிக்கை மட்டும் தேவை. கண்ணுக்குத் தெரியாத அசைவம்தான் அங்கே சிக்கல். காய்கறி வதக்கலில் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கும். பழங்களைக் கலந்து தரும் சீன ரோஜாக்கிலும் அது உண்டு. ரொட்டி சானாயோடு வரும் பருப்புக் குழம்பில் எலும்பு வெந்திருக்கக்கூடும். நூடுல்ஸ் வகைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சாதாரணம். ஆகவே முட்டை இல்லையா என்று கேட்பதைவிட, 'டாகிங், ஈக்கான், பெலாச்சான் தா மாவு' (இறைச்சி, மீன், இறால் விழுது வேண்டாம்) என்று சொல்வது பயன்தரும்.

லிட்டில் இந்தியாவில், அதாவது மார்க்கெட் தெரு, குவீன் தெரு, பினாங்கு தெரு ஆகியவை சூழ்ந்த பகுதியில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் தமிழிலேயே பேசி உண்ணலாம். சற்று மாறுதலாக உண்ண விரும்பினால் சீனப் பௌத்தர்களின் சைவ உணவகங்களுக்குச் செல்லுங்கள். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடைகள் அவற்றில் உண்டு என்பதால் தங்கள் வீட்டுப் பெரியவர்களும் அமரலாம். சீனர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, சைவம் உண்பார்கள். அந்நாட்களில் தெரிவுகள் இன்னும் கூடும். செண்டோலை விட்டுவிடாதீர்கள். தேங்காய்ப் பாலும் பனைவெல்லப் பாகும் துருவிய பனிக்கட்டியும் பச்சை நிற அரிசிமாவுச் சேவையும் வேகவைத்த சிவப்புக் காராமணி போன்ற பயறும் சேர்ந்த அது முழுக்கச் சைவம். தெருவோரம் சுடும் 'அப்போம்' நம் ஆப்பத்தின் இனிப்பான உறவு.

கேள்வி: சீனக் கடைகளில் ஹலால் உணவு கிடைக்குமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. ஹலால் சான்றுப் பலகை உள்ள கடைகளையும் தமிழ் முஸ்லிம்கள், மலாய்க்காரர்கள் நடத்தும் கடைகளையும் நாடுங்கள். மீ கோரெங் (வதக்கிய நூடுல்ஸ்), பசெம்போர் (காய்கறியும் பொரித்த பண்டங்களும் கலந்தது), நாசி கண்டார் மூன்றும் உங்களுக்காகவே இருக்கின்றன.

கேள்வி: நண்பகல் வெயிலில் என்ன செய்வது?
— வாசகி, திண்டிவனம்

பதில்: பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளியே சுற்றாதீர்கள். கடைகளின் முன்னால் தொடர்ந்து செல்லும் அஞ்சடி எனப்படும் நடைபாதைத் தாழ்வாரம் ஓரளவு நிழல் தரும். நம் திண்ணையை நடக்கத் தோதாக நீட்டியது போன்ற அமைப்பு அது. இருந்தாலும் மோட்டார் சைக்கிள்களும் மேசைகளும் அதை இடையிடையே மறித்திருக்கும். அந்த நேரத்தை ஒரு பழைய மாளிகைக்குள் கழிப்பதே நல்லது. லீத் தெருவில் உள்ள, சீன வணிகர் செயோங் ஃபாட் சீயின் நீல மாளிகைக்குள் குறித்த நேரங்களில் வழிகாட்டியோடு அழைத்துச் செல்வார்கள். 38 அறைகளும் 5 முற்றங்களும் கொண்ட அந்த வீட்டின் நீலம், சுண்ணாம்பில் அவுரிச் சாயத்தைக் கலந்து பூசியது. அந்தச் சாயம் இந்தியாவிலிருந்து சென்றது. அவுரி விளையும் மண்ணிலிருந்து செல்லும் நீங்கள் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவீர்கள். வழிகாட்டியின் நேரம் ஒத்துவராவிட்டால், சர்ச் தெருவில் உள்ள பினாங்குப் பெரனாக்கான் மாளிகைக்குச் செல்லுங்கள். மலாய்ப் பழக்கவழக்கங்களை ஏற்றுக்கொண்ட சீனக் குடும்பங்களின் நகைகளும் பாத்திரங்களும் நாற்காலிகளுமாக 1,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே உள்ளன.

கேள்வி: உறவினர்களுக்கு என்ன வாங்கி வரலாம்? தங்கம் மலிவா? எங்கே வாங்குவது?
— வாசகி, ஈரோடு

பதில்: தங்கத்துக்காகப் பினாங்கு செல்ல வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவில் நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் வரிசையாக உள்ளன. ஆனால் ஈரோட்டிலிருந்து சென்று அங்கே புடவை வாங்குவது கொல்லன் தெருவில் வாங்கிய ஊசியைக் கொல்லனுக்கே பரிசளிப்பது போன்றது. பினாங்கு தீர்வையற்ற தீவு என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. அந்தச் சலுகை இப்போது வடக்கே உள்ள லங்காவி போன்ற இடங்களுக்குத்தான்.

பினாங்குக்கே உரியது ஜாதிக்காய். கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே பயிரிடத் தொடங்கிய ஜாதிக்காயின் சதைப்பகுதியைச் சர்க்கரையில் ஊறவைத்தும் உலர்த்தியும் விற்கிறார்கள். நாம் கொட்டையை மட்டுமே அறிவோம். சதையின் துவர்ப்பும் மணமும் புதிதாக இருக்கும். ஜாதிக்காய்த் தைலம் முட்டிவலிக்காரப் பெரியவர்களிடம் உங்களுக்கு நற்பெயர் வாங்கித் தரும். 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குப்பியைக் கைப்பையில் வைத்து விமான நிலையத்தில் பறிகொடுக்காதீர்கள். இவற்றைப் பினாங்குச் சாலையில் உள்ள சௌராஸ்தா சந்தையில் காலை வேளையிலேயே வாங்கிவிடுங்கள். ஊறவைத்த பழவகைகளும் அங்கே பாத்திரம் பாத்திரமாக இருக்கும். சுவை பார்க்கத் தருவார்கள். மாடியில் பழைய புத்தகக் கடைகள் உள்ளன. நான் அங்கே செலவிட்ட நேரத்தைப் பற்றி என் மனைவிக்கு இன்றுவரை வருத்தம் உண்டு.

பாசிப்பயற்றுப் பூரணம் வைத்த தம்புன் பிஸ்கட்டை எல்லாரும் பெட்டி பெட்டியாக வாங்கிச் செல்வார்கள். சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும் என்பதால் கேட்டு வாங்குங்கள். பாத்திக் துணி வாங்கும்போது புரட்டிப் பாருங்கள்: மெழுகிட்டுச் சாயம் ஏற்றிய துணியில் இரு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், இயந்திரத்தில் அச்சிட்டதாக இருந்தால் பின்பக்கம் வெளிறியிருக்கும். செப்பு அச்சால் மெழுகிட்டதைவிடக் கையால் வரைந்ததற்கு விலை அதிகம். கோடுகளின் சிறு பிசகுகளே அது கைவேலை என்பதற்குச் சான்று. ஆண்களுக்கு 'காயின் பெலிக்காட்' என்ற கைலி. பெலிக்காட் என்பது வேறொன்றும் அல்ல, நம் பழவேற்காடுதான். நம் கரையிலிருந்து கப்பலேறிச் சென்ற துணி, ஊர்ப்பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு மலாய்க்காரர்களின் அன்றாட உடையாகிவிட்டது. அதை வாங்கி வந்து கொடுத்தால், சொல்வதற்கு ஒரு கதையும் கூடவே வரும்.

கேள்வி: கடல்மேல் கட்டிய சீன வீடுகளிலிருந்து சூரியன் மறைவதைப் பார்க்க விரும்புகிறேன். எத்தனை மணிக்குச் செல்ல வேண்டும்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: எத்தனை மணிக்குச் சென்றாலும் பார்க்க முடியாது. அந்தக் குலத்துறைகள் தீவின் கிழக்குக் கரையில், பெருநிலத்தைப் பார்த்தபடி நிற்கின்றன; தூத்துக்குடிக்காரரான தங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மாலை ஆறரைக்குச் சென்றால் வெயில் தணிந்து, எதிர்க்கரையின் மலைகள் மங்கலான நீலத்தில் தெரியும். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே இருட்டுவதற்கு ஏழரை மணி ஆகிவிடும். சியூ துறையின் மரப்பலகைப் பாதையில் நடக்கும்போது, இருபுறமும் மக்கள் வாழும் வீடுகள் என்பதை மறக்க வேண்டாம். கதவு திறந்திருப்பது காற்றுக்காக, நம் கேமராவுக்காக அல்ல. பார்வையாளர் நேரம் எழுதிய பலகையையும் மதியுங்கள்.

கேள்வி: விசா வேண்டுமா?
— வாசகர், சேலம்

பதில்: 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாட்கள் வரை விசா இன்றித் தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது; பயணச்சீட்டு எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்று சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது; பணம் கேட்கும் தளம் போலியானது. விடுதியில் வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள்.

கேள்வி: டுரியான் பழத்தை ஊருக்குக் கொண்டுவரலாமா?
— வாசகர், குற்றாலம்

பதில்: விமானத்தில் ஏற்றமாட்டார்கள், விடுதி அறைக்குள்ளும் விடமாட்டார்கள், பல விடுதிகளின் வாசலிலேயே படம் போட்டுக் குறுக்குக்கோடு இட்டிருப்பார்கள். ஜூன், ஜூலையில் சென்றால் வீதியோரக் கடையிலேயே பிளக்கச் சொல்லி, நின்றபடி உண்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.